புள்ளி மட்டும் தெரிந்தது ஏன்?



அரபு எழுத்துகளைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போர் அனைவரும் அறிந்த தொல்லை ஒன்று உண்டு. பா, தா, ஸா ஆகிய மூன்றுக்கும் உடல் ஒன்றே. படகு போலக் கிடக்கும் ஒரே கோடு. அதன் கீழே ஒரு புள்ளி இருந்தால் பா. மேலே இரண்டு இருந்தால் தா. மேலே மூன்று இருந்தால் ஸா. ஜீம், ஹா, ஃகா என்னும் மூன்றும் அவ்வாறே ஓருடல் கொண்டவை. பெரியவர்கள் கண்ணுக்கு இவை வெவ்வேறு எழுத்துகள். ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கோ எல்லாம் ஒரே படகு. யாரோ ஈக்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்கார வைத்தாற்போல் இருக்கும்.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. குர்ஆனின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் பலவற்றில் புள்ளிகள் மிகக் குறைவாகவே காணப்படுகின்றன. அரபைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இடம் நோக்கிப் படித்துக்கொண்டார்கள். பிறமொழி மக்கள் பெருகிய பின்னரே, உமையாக்கள் காலத்தில், புள்ளியிடும் முறை ஒழுங்குபடுத்தப்பட்டது. அபுல் அஸ்வத் அத்துஅலீ, நஸ்ர் இப்னு ஆஸிம் ஆகியோரின் பெயர்களை இப்பணியோடு சேர்த்துச் சொல்வது மரபு. நம் தமிழிலும் கதை ஏறத்தாழ இதுவே. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலே எழுதினார்கள். நம் முன்னோர் அரபுத்தமிழ் எழுதியபோது, அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளின் மீது கூடுதல் குறிகளை இட்டுக்கொண்டார்கள். ஆக, நமக்கும் புள்ளிக்கும் உள்ள உறவு பழையது. அந்தப் புள்ளி கணினித் திரையில் ஒரு வாரம் எங்களை அலைக்கழித்த வரலாற்றையே இங்கு எழுதுகிறோம். பிள்ளைகள் நிரல் எழுதப் பழகும் வீடுகளுக்கு இது பயன்படக்கூடும்.

எங்கள் இளைய மகன் மக்தபுக்குச் செல்லத் தொடங்கிய இரண்டாம் மாதம் அழத் தொடங்கினான். படகு வடிவில் எதைக் காட்டினாலும் “பா” என்பான். உஸ்தாத் பொறுமையானவர், கண்டிக்கவில்லை. ஆயினும் உடன் ஓதும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதன்பின் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னாலே அவனுக்கு வயிற்றுவலி வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பு முடித்து விடுமுறையில் இருந்த மூத்த மகள்தான் வழி சொன்னாள். எழுத்து முழுதாகத் திடீரென்று தோன்றாமல், கை எழுதுவது போல வலமிருந்து இடமாகக் கோடு வளர்ந்து, கடைசியில் புள்ளி வந்து உட்கார்ந்தால் தம்பிக்குப் புரியும் என்றாள். அவள் அப்போது பைத்தான் மொழி கற்றுக்கொண்டிருந்தாள். 28 பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அசைபடம். ஆயத்தமாகக் கிடைக்கும் கைப்பேசிச் செயலிகளை வேண்டாமென்று நாங்கள் முன்பே ஒதுக்கியிருந்தோம். எழுத்துக்கு எழுத்து இடையில் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கும் பாடம் எங்கள் வீட்டுக்கு ஒத்துவராது.

படங்களை அவளே கிம்ப் என்னும் இலவச வரைகலை மென்பொருளில் வரைந்தாள். எழுத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கிலும் கோடு சற்று நீண்டிருக்கும். அவற்றை ஜிஃப் வடிவில் சேமித்தாள். இவ்வடிவத்தை 1987 இல் வெளியிட்டது கம்ப்யூசர்வ் நிறுவனம். ஒவ்வொரு பிரேமும் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று குறிக்கும் வசதி 1989 ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. பெயரை ‘கிஃப்’ என்பதா ‘ஜிஃப்’ என்பதா என்று உலகமே சண்டையிட்டது. வடிவமைப்புக் குழுவை நடத்திய ஸ்டீவ் வில்ஹைட் 2013 இல் விருது பெற்றபோது ‘ஜிஃப்’ என்றே சொல்லவேண்டும் என்றார். தமிழில் எழுதுபவர்கள் ஏதேனும் ஒரு பக்கம் சேர்ந்தாக வேண்டும். நாங்கள் அவர் பக்கம்.

எங்களுள் ஒருவருக்கு நிரல் எழுதுவதே தொழில். எனினும் விசைப்பலகையை அவளிடமிருந்து வாங்குவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டோம். பிள்ளை தடுமாறும்போது பெரியவர் கை நீட்டி இரண்டு வரி தட்டிவிட்டால் நிரல் ஓடும். ஆனால் அது அப்போதே பிள்ளையினுடையதாக இல்லாமல் போய்விடும். கேள்வி கேட்கலாம், விடை தட்டக்கூடாது. இந்த ஒப்பந்தத்தைக் காப்பதே எங்களுக்குப் பெரும்பாடாயிற்று.

முதல் தொல்லை மிக வினோதமானது. “வாப்பா, ஜீம் தெறக்குது, அலிஃப் தெறக்கல. தால் வருது, ரா வரல” என்றாள். கோப்புகள் எல்லாம் ஒரே கோப்புறையில் இருந்தன. எல்லாம் ஒரே நாளில், ஒரே முறையில் செய்யப்பட்டவை. சிலவற்றுக்குப் ‘கோப்பு இல்லை’ என்று பைத்தான் சாதித்தது. இவ்விடத்தில் பலரும் செய்வது கோப்பை அழித்து மறுபடி வரைவது. அதற்கு முன், எவை திறக்கின்றன, எவை திறக்கவில்லை என்று ஒரு தாளில் இரு பட்டியலாக எழுதச் சொன்னோம். திறக்காதவை ஒன்பது: அலிஃப், பா, தா, ஸா, ரா, தோ, ஐன், ஃபா, நூன். மற்ற 19 உம் திறந்தன. பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், தான் ஆங்கிலத்தில் இட்டிருந்த கோப்புப் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள். திறக்காதவை யாவும் ஏ, பி, டி, ஆர், எஃப், என் என்னும் ஆறு ஆங்கில எழுத்துகளுள் ஒன்றில் தொடங்கின.

காரணம் இது. விண்டோஸ் பழக்கப்படி கோப்புறைப் பெயருக்கும் கோப்புப் பெயருக்கும் நடுவே பின்சாய்கோடு இட்டிருந்தாள். பைத்தானில் மேற்கோளுக்குள் பின்சாய்கோடு வந்தால் அதையடுத்த எழுத்துக்குத் தனிப்பொருள் பிறந்துவிடும். பின்சாய்கோட்டுடன் என் சேர்ந்தால் புதிய வரி. டி சேர்ந்தால் தாவல் இடைவெளி. பி சேர்ந்தால் ஓரெழுத்துப் பின்வாங்கல். ஆர் சேர்ந்தால் வரியின் தொடக்கத்துக்குத் திரும்புதல். எஃப் சேர்ந்தால் அடுத்த தாளுக்குத் தாவுதல். ஏ சேர்ந்தால் மணி அடிக்க வேண்டும்; பழைய தட்டச்சுத் தந்திக் கருவிகளின் காலத்து ஏற்பாடு அது. ஆகவே அலிஃப் படத்தைக் கேட்டபோது கணினி மணியோசையைப் பெயரில் கொண்ட ஒரு கோப்பைத் தேடிக்கொண்டிருந்தது. ஜீமுக்கு அத்தகைய பொருள் ஏதும் இல்லாததால் அது தப்பியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பைத்தானின் 3.12 பதிப்பு முதல், பொருளற்ற பின்சாய்கோட்டைக் கண்டால் எச்சரிக்கை வாசகம் தோன்றுகிறது. அதாவது ஒழுங்காகத் திறக்கும் ஜீமுக்கு எச்சரிக்கை உண்டு. திறக்காத அலிஃபுக்கு இல்லை! பின்சாய்கோட்டை முன்சாய்கோடாக மாற்றினாள். விண்டோஸ் அதையும் ஏற்றுக்கொள்ளும். 28 எழுத்துகளும் திறந்தன.

கோப்பு இல்லை என்னும் பிழைக்கு இன்னும் இரண்டு பொதுக் காரணங்கள் உண்டென்பதையும் சொல்லிவைக்கிறோம். வெறும் பெயரைக் கொடுத்தால், நிரல் இருக்கும் கோப்புறையில் அல்ல, நிரல் எங்கிருந்து இயக்கப்படுகிறதோ அங்கேதான் பைத்தான் தேடும். மற்றொன்று, விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்து வைப்பதால், கண்ணுக்குத் தெரியாமல் பின்னொட்டு இரண்டு முறை ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

அடுத்த நாள் அவள் நிரலைச் செப்பனிட்டாள். 28 எழுத்துகளுக்கு 28 செயற்கூறுகள் இருந்ததை ஒன்றாக்கினாள். பாராட்டத்தக்க வேலை. ஆனால் பொத்தானை அழுத்தினால் படத்தின் அளவுக்கு வெற்றிடம் மட்டும் தோன்றியது. பிழைச் செய்தியும் இல்லை. பிழைச் செய்தி இல்லாத பிழையே புதியவர்களை அதிகம் வருத்துவது. பிடித்துக்கொள்ளக் கயிறே இராது.

பைத்தானுடன் வரும் டிகின்டர் என்னும் சாளரக் கருவித் தொகுப்பைப் பயன்படுத்தும் எவரும் ஒருநாள் இந்தப் பள்ளத்தைச் சந்தித்தே ஆகவேண்டும். படத்தை ஏந்தும் போட்டோஇமேஜ் என்னும் பொருளை ஒரு செயற்கூற்றின் உள்ளே மாறியில் வைத்தால், அந்தச் செயற்கூறு முடிந்தவுடன் மாறியும் மறைந்துவிடும். தன்னைப் பிடித்துக்கொள்ள ஒருவரும் இல்லாத பொருளைப் பைத்தான் உடனே துப்புரவு செய்துவிடும். லேபிள் அந்தப் படத்தின் பெயரை மட்டுமே வைத்திருக்கிறது. பெயரை வைத்திருப்பது பைத்தானின் கணக்கில் பிடித்திருப்பதாகாது. முன்பு ஏன் தெரிந்தது? பழைய நிரலில் மாறி செயற்கூற்றுக்கு வெளியே, பொதுவில் இருந்தது. “நேத்துக்கும் இன்னைக்கும் என்னம்மா மாறிச்சு?” என்ற ஒரு கேள்வி போதுமாயிருந்தது. இரண்டு நாள் நிரல்களையும் அருகருகே வைத்துப் பார்த்து அவளே கண்டுகொண்டாள். படத்தை லேபிளின் ஒரு பண்பாகவே சேர்த்துவைக்கும் ஒற்றை வரி, இதற்குத் தீர்வு.

படம் வந்தது. அசையவில்லை.

இங்கே அவளுக்குக் கோபம் வந்தது; நியாயமான கோபம். அதே கோப்பை உலாவியில் இழுத்துப் போட்டால் கோடு அழகாக வளர்கிறது, புள்ளி விழுகிறது. தன் சாளரத்திலோ முதல் பிரேம் மட்டும் கல்லாய் நிற்கிறது. உண்மை என்னவெனில், டிகின்டரின் போட்டோஇமேஜ் அசைபடத்தை ஓட்டுவதில்லை. கோப்பில் பன்னிரண்டு பிரேம்கள் இருந்தாலும் கேட்காதவரை முதலாவதையே எடுத்துத் தரும். எத்தனையாவது பிரேம் வேண்டும் என்று வடிவக் குறிப்பில் எண்ணோடு சொல்லவேண்டும். எண் பூஜ்யத்தில் தொடங்கும். இல்லாத எண்ணைக் கேட்டால் பிழை வரும். அந்தப் பிழை வரும்வரை கேட்டுக்கொண்டே போவதுதான் மொத்தம் எத்தனை பிரேம் என்று அறியும் எளிய வழி. பிழையையே எல்லைக்கல்லாகப் பயன்படுத்தலாம் என்பது அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பிரேம்களை ஒரு பட்டியலில் சேர்த்தபின், ஒன்றைக் காட்டி, சற்றுத் தூங்கி, அடுத்ததைக் காட்டுமாறு எழுதினாள். சாளரம் உறைந்துபோய், கடைசியில் இறுதிப் பிரேம் மட்டும் தோன்றியது. நிரல் தூங்கும்போது சாளரமும் தூங்குகிறது. திரையை மறுபடி வரைவதற்கும் அதே ஆள்தான் விழித்திருக்க வேண்டும். ஆகவே தூங்கச் சொல்லாமல், ‘120 மில்லிநொடி கழித்து என்னைக் கூப்பிடு’ என்று சாளரத்திடமே சொல்லிவைக்க வேண்டும். அதற்கென ஆஃப்டர் என்னும் ஏற்பாடு இருக்கிறது. அதில் செயற்கூற்றின் பெயரைத்தான் கொடுக்கவேண்டும். பெயரோடு பிறைக்குறிகளையும் சேர்த்து எழுதினால், கழித்துக் கூப்பிடுவதற்குப் பதில் இப்போதே கூப்பிட்டுவிடும். அது மறுபடி தன்னைக் கூப்பிடும். சுமார் 1000 முறை தன்னுள்ளேயே இறங்கியபின் பைத்தான் போதும் என்று நிறுத்திவிடும். அவளுக்கு இதுவும் நடந்தது. பிழைச் செய்தி திரையை நிரப்பி ஓடியதைக் கண்டு தம்பி கைதட்டினான். நீண்ட பிழைச் செய்தியின் கடைசி வரியை முதலில் படிக்கவேண்டும் என்பது மட்டுமே அன்று நாங்கள் சொன்ன அறிவுரை.

நான்காம் நாள் மாலை, அசைபடம் அசைந்தது. அதுதான் உண்மையான துன்பத்தின் தொடக்கம்.

மக்ரிப் தொழுதுவிட்டு வந்து எல்லோரும் கூடி உட்கார்ந்தோம். பா பொத்தானை அழுத்தினாள். வெண்மையான பலகை ஒரு கணம் தோன்றியது. உடனே அது மறைந்து, சாளரத்தின் சாம்பல் நிறத்தின்மேல் கோட்டின் ஒரு சிறு துண்டு. அது போய் இன்னொரு துண்டு. இறுதியில் ஒரே ஒரு புள்ளி. எழுத்தைக் காணோம். “ராத்தா, புள்ளி மட்டும் இருக்கு. எழுத்து எங்கே?” என்று கேட்டான் எங்கள் மகன். அவனுக்காகச் செய்த பொருள், அவனுடைய தடுமாற்றத்தையே தலைகீழாக்கித் திரையில் காட்டியது. தாவை அழுத்தினால் இரண்டு புள்ளி, ஸாவை அழுத்தினால் மூன்று புள்ளி. உடல் இல்லாத புள்ளிகள்.

அவள் மடிக்கணினியை மூடிவிட்டாள். “அட்டையில எழுதிக் கொடுத்திடறேன் உம்மா, இது எனக்கு வராது” என்றாள். நிரலில் பிழையில்லை என்று அவளுக்குத் தெரியும், வரிவரியாகப் பார்த்துவிட்டாள். உலாவியிலோ அதே கோப்பு இப்போதும் சரியாக ஓடுகிறது. இரண்டும் சரியென்றால் பிழை எங்கே இருக்கமுடியும்? எங்களுக்கும் உடனே விடை தெரியவில்லை. அதை அவளிடம் மறைக்கவும் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின், “நிரலை விடும்மா, கோப்பைத் திறந்து பாப்போம்” என்று மட்டும் சொன்னோம். அட்டையில் எழுதிக் கொடுப்பதும் நல்ல யோசனையே. பல தலைமுறைகள் அப்படித்தான் ஓதின. ஆனால் தோற்றுப்போய் அட்டைக்குத் திரும்புவது வேறு, விரும்பி அட்டையை எடுப்பது வேறு.

கிம்பில் தன் மூல வரைபடத்தைத் திறக்காமல், சேமித்த ஜிஃப் கோப்பையே திறக்கச் சொன்னோம். அங்கே வெளிப்பட்டது. முதல் அடுக்கு முழு அளவில் இருந்தது. இரண்டாவது முதல் எல்லா அடுக்குகளும் சின்னஞ்சிறு துண்டுகள். கடைசி அடுக்கில் ஒரு புள்ளியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒவ்வோர் அடுக்கின் பெயரோடும், முந்தையவற்றோடு ‘சேர்த்துக் காட்டு’ என்று பொருள்படும் குறிப்பு ஒட்டியிருந்தது.

கோப்பின் அளவைக் குறைக்க, ஏற்றுமதிக்கு முன் ‘ஜிஃபுக்காகச் செம்மையாக்கு’ என்னும் கட்டளையை அவள் இயக்கியிருந்தாள். இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பலவும் அதைப் பரிந்துரைக்கின்றன; வலைப்பக்கத்துக்கு அது நல்லதே. அக்கட்டளை செய்வது இதுதான்: முந்தைய பிரேமிலிருந்து எந்தப் பிக்சல்கள் மாறினவோ அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மாறாதவற்றை நிறமற்ற ஒளிபுகு பிக்சல்களாக்கி, ஓரங்களை வெட்டி எறிந்துவிடும். பாவின் கடைசிப் பிரேமில் மாறியது புள்ளி ஒன்றே. எனவே அந்தப் பிரேம் என்பதே அந்தப் புள்ளிதான்.

உலாவி இதை அறிந்து நடந்துகொள்கிறது. ஒவ்வொரு பிரேமையும் காட்டி முடித்தபின் என்ன செய்யவேண்டும் என்று கோப்பிலேயே எழுதிவைக்க 1989 ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தந்தது: அப்படியே விட்டுவிடு, பின்னணி நிறத்துக்குத் துடைத்துவிடு, முன்பிருந்த நிலைக்கே திரும்பு என மூன்று கட்டளைகள், ஒன்றும் சொல்லாமலும் விடலாம். ‘அப்படியே விடு’ என்றிருந்தால் உலாவி பழைய கோடுகளை அழிக்காமல் அவற்றின்மேல் புதிய துண்டை வைக்கிறது. கண்ணுக்கு முழு எழுத்து தெரிகிறது. டிகின்டரிடம் பன்னிரண்டாவது பிரேமைக் கேட்டால், அது பன்னிரண்டாவதை மட்டும் கொடுக்கும். முந்தைய பதினொன்றைப் பற்றி அதற்கு எந்த அக்கறையும் இல்லை. கேட்டதைக் கொடுத்தது, பிழையென்று அதைச் சொல்லவும் முடியாது.

காரணம் தெரிந்தவுடன் மடிக்கணினி அவள் மடிக்குத் திரும்பியது. அவள் முதலில் முயன்றது தன் சொந்த யோசனை: கான்வாஸ் என்னும் வரைபலகையில், பழைய பிரேமை நீக்காமல் அதன்மேல் அடுத்ததை அடுக்குவது. உலாவி செய்வதையே தானும் செய்வது என்று சொல்லலாம். எழுத்து சரியாக வந்தது. ஆனால் சுற்றுக்குச் சுற்றுப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகின. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் எல்லாவற்றையும் துடைக்கவேண்டியிருந்தது. அதையும் எழுதி ஓட்டிப் பார்த்தாள். நேர்வழி வேறொன்று இருந்தது. கிம்பின் அசைவூட்ட வடிகட்டிகளுள் செம்மையாக்கலை மீட்டெடுக்கும் கட்டளையும் உண்டு. அது துண்டுகளை எல்லாம் மறுபடி முழுப் பிரேம்களாக்கிவிடும். ஏற்றுமதியின்போது ‘அசைபடமாக’ என்னும் கட்டத்தைத் தேர்ந்தெடுக்க மட்டும் மறக்கக்கூடாது; மறந்தால் எல்லா அடுக்குகளும் ஒன்றாகி அசைவே இல்லாத ஒற்றைப் படமாகிவிடும். பில்லோ என்னும் கூடுதல் நூலகத்தை நிறுவினால், பிரேம்களை முந்தையவற்றோடு சேர்த்து முழுதாக்கித் தரும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும் என்பதையும் சொன்னோம். அவள் வேண்டாமென்றாள். உறவினர் வீட்டுக் கணினியில் பைத்தானை மட்டும் நிறுவினால் தன் நிரல் ஓடவேண்டும் என்பது அவள் எண்ணம். 28 கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, மீட்டெடுத்து, மறுபடி சேமித்தாள். கோப்புகள் சற்றுப் பெருத்தன. வலைப்பக்கத்துக்கு அல்லாத படத்தில் சில கிலோபைட்டுகளை மிச்சம் பிடிப்பதில் யாருக்கு என்ன லாபம் என்று எங்களுக்கு இன்றும் விளங்கவில்லை.

பா எழுதப்பட்டது. வலமிருந்து கோடு இறங்கி, நீண்டு, ஏறி நின்றது. கீழே புள்ளி விழுந்தது. மறுகணமே அழிந்து முதலிலிருந்து தொடங்கிவிட்டது! புள்ளியைப் பார்க்க நேரமே இல்லை. கடைசி அடுக்குக்கு 1500 மில்லிநொடி என்று கிம்பில் பெயரோடு எழுதித்தான் இருந்தாள். உலாவி அதை மதித்தது. டிகின்டர் அதையும் படிப்பதில்லை. எனவே நிரலிலேயே, கடைசிப் பிரேமுக்கு 1500, மற்றவற்றுக்கு 120 என்று எழுதிக்கொண்டாள். இது இரண்டு நிமிட வேலை. ஆனால் பயனைப் பொறுத்தவரை இதுவே தலையாயது. அந்த ஒன்றரை நொடியில்தான் எங்கள் மகன் “கீழே ஒண்ணு, பா” என்று சொல்லத் தொடங்கினான்.

சோதனையாளர்களில் ஆறு வயதுப் பிள்ளைக்கு நிகர் எவரும் இல்லை. பொத்தானை ஒருமுறை அழுத்தவேண்டும் என்பது நமக்குத் தெரியும். அவன் எட்டு முறை அழுத்தினான். எழுத்து வெறிபிடித்தாற்போல் துடித்தது. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ‘கழித்துக் கூப்பிடு’ என்னும் தனிச் சங்கிலி ஒன்று தொடங்கி, எட்டுச் சங்கிலிகளும் ஒரே லேபிளை மாறி மாறி இழுத்துக்கொண்டிருந்தன. பாவை அழுத்திவிட்டு உடனே தாவை அழுத்தினால் இன்னும் மோசம். ஒரே படகின் கீழும் மேலும் புள்ளிகள் மாறி மாறி மின்னின. இந்தப் பிழையை விட்டுவைத்திருந்தால் அவனுக்கு இருந்த குழப்பம் இரட்டிப்பாகியிருக்கும். ஆஃப்டர் ஒவ்வொரு முறையும் ஓர் அடையாளத்தைத் திருப்பித் தருகிறது. அதை எழுதிவைத்துக்கொண்டு, புதிய எழுத்தைத் தொடங்குமுன் பழைய கூப்பாட்டை ரத்து செய்துவிட்டால் சங்கிலி ஒன்றே இருக்கும். அதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது. அதை எங்கள் மகள் எங்களிடம் கேட்கவில்லை. ஆவணத்தைத் தேடிப் படித்து அவளே சேர்த்தாள்.

இப்போது அவன் பா, தா, ஸாவைப் பிரித்துச் சொல்கிறான். ஃகாவுக்கும் ஜீமுக்கும் இடையில் சிலவேளை தயங்குகிறான். மக்தபுக்கு அழாமல் போகிறான். அவர்கள் பேச்சு அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிட்டது. அரபு எழுத்து சொல்லின் முதலில், நடுவில், கடைசியில், தனியே என இடத்துக்கு இடம் வடிவம் மாறும். அலிஃப், தால், ஃதால், ரா, ஸாய், வாவ் ஆகிய ஆறும் இடப்பக்கம் சேராதவை என்பதால் அவற்றுக்கு இரண்டிரண்டு வடிவங்கள். மற்ற 22 க்கும் நான்கு நான்கு. மகள் தாளில் கணக்கிட்டாள். சரியாக 100 படங்கள். ஒன்பது முடிந்திருக்கின்றன. எல்லாக் கோப்புப் பெயர்களுக்கும் முன்சாய்கோடுதான்.